ஒரு தட்டு இரண்டான கணக்கு

பழைய ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்று மறுபதிப்பாக வரும்போது அநேகமாக ஒரு விநோதம் நடக்கிறது. பாட்டு அதே பாட்டுதான், நிமிடமும் கூடவில்லை. ஆனால் அன்று ஒரே இசைத்தட்டில் வந்தது இன்று இரண்டு தட்டுகளாக வருகிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. கடையில் உறையைப் புரட்டிப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது, "காசு பிடுங்க ஒரு வழியா இது?" என்பதுதான்.

நல்ல உதாரணம், டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்'. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், அமிட்டிவில் என்ற ஊரில் வளர்ந்த மூன்று இளைஞர்கள் தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலுடன் சேர்ந்து செய்த முதல் ஆல்பம். வெளியான ஆண்டு 1989. பாட்டு, நகைச்சுவைத் துணுக்கு, வினாடி வினா என்று இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அத்தனையும் அன்று ஒரே தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கின. 2023 மார்ச் 3 அன்று அது மறுபதிப்பாக வந்தபோது தட்டு இரண்டு.

நடுவில் அந்த ஆல்பம் இணையத்தில் கேட்கவே கிடைக்காமல் இருந்ததற்குக் காரணம் சட்டம். பிறர் பாட்டிலிருந்து எடுத்தாண்ட துண்டுகளுக்கான அனுமதி, இணைய ஒலிபரப்பு என்ற ஒன்றை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் எழுதப்பட்டது. அந்தச் சிக்கல் தீர்ந்து ஆல்பம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று, குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் (மேடைப்பெயர் ட்ரூகாய்) காலமானார்.

ஆனால் ஒன்று இரண்டானதற்குக் காரணம் சட்டம் இல்லை. அதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சால்

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு. வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் ஒற்றைப் பள்ளம். ஏர் ஓட்டிய வயலில் விழும் உழவுசால் போன்றது என்பதால் இந்த அத்தியாயத்தில் அதைச் 'சால்' என்றே அழைக்கலாம். குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். வாயின் அகலம் சுமார் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் குறுகல்.

சால் நேராக ஓடினால் ஊசிக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, மௌனம்தான். பக்கவாட்டில் நெளிந்தால் ஊசியும் நெளியும். ஊசியின் மறுமுனையில் ஒரு சிறு காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. அந்த அசைவு மின்சாரமாகி, ஒலிபெருக்கிக்குப் போய், பாட்டாகிறது.

ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு ஒலிகள் வேண்டும். இருப்பதோ ஒரே சால். 'வி'-யின் இரண்டு சுவர்களில் ஆளுக்கு ஒன்றாகப் பதிந்துவிடலாம் என்ற யோசனையை, பிரிட்டனின் ஆலன் ப்ளம்லைன் 1931-லேயே காப்புரிமைக்குக் கொடுத்துவிட்டார். அது கடைக்கு வர 1950-களின் கடைசி வரை ஆயிற்று. இரண்டு சுவர்களும் ஒரே ஒலியைச் சொல்லும்போது ஊசி பக்கவாட்டில் ஆடும். முரணாகச் சொல்லும்போது மேலும் கீழும் குதிக்கும். கனத்த ஒலி இப்படி மேலும் கீழும் குதித்தால் ஊசி சாலைவிட்டே வெளியேறிவிடும். அதனால்தான் வினைல் (இசைத்தட்டு) பதிவில் டிரம்மின் கனத்த அடி பெரும்பாலும் நட்டநடுவே நிற்கிறது.

பேஸ் கேட்கும் இடம்

ஹிப்-ஹாப்பின் உயிர் பேஸ். அதாவது காதைவிட நெஞ்சில் அதிகம் உணரப்படும் கீழ் ஒலி. 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தின் கிக் (கனத்த அடி) ஒலி நொடிக்கு ஏறக்குறைய 50 முறை அதிர்வது. அதாவது 50 ஹெர்ட்ஸ். அந்த இயந்திரம் மூன்றே ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோனது. ஒலி மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஊசியின் காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு தூரம் அசைந்தது என்பதை அது கவனிப்பதில்லை, எவ்வளவு வேகமாக அசைந்தது என்பதற்கு ஏற்ப மின்சாரம் தரும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஆயிரம் முறை போய்வருவதால், ஒவ்வொரு முறையும் கொஞ்சமே நகர்ந்தாலும் வேகம் வந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் நிதானமானது. அதே வேகத்தை எட்ட வேண்டுமானால் ஒவ்வொரு வீச்சிலும் இருபது மடங்கு தூரம் போக வேண்டும்.

இருபது மடங்கு அகல நெளிவுக்கு எந்தத் தட்டிலும் இடம் இல்லை. எனவே ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுவது. கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரில் நேர் எதிராகத் திருப்பிவிடுவது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954-இல் வகுத்த அளவுதான் இன்றுவரை உலகம் முழுவதும் நடைமுறை. அந்த அளவின்படி 50 ஹெர்ட்ஸ் ஒலி தட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் வெட்டப்படுகிறது. டர்ன்டேபிளை நேராகச் சாதாரண ஆம்ப்ளிஃபையரில் செருகினால் பாட்டு தகரம்போலக் கேட்பதும், 'ஃபோனோ' என்று எழுதிய துளை தனியாகத் தேவைப்படுவதும் இதனால்தான்.

ஏழில் ஒரு பங்காகக் குறைத்த பின்னும் 50 ஹெர்ட்ஸுக்கு 1000 ஹெர்ட்ஸைப்போல மூன்று மடங்கு இடம் வேண்டியிருக்கிறது. போதாததற்கு, ஹிப்-ஹாப்பில் கிக் டிரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட உரக்க ஒலிக்கிறது.

ஆயிரம் சுற்று

இனி கணக்கு. பன்னிரண்டு அங்குலத் தட்டில், சால் தொடங்கும் இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய 146 மில்லிமீட்டர். முடியும் இடம் சுமார் 60 மில்லிமீட்டர். நடுவே இருக்கும் 86 மில்லிமீட்டர் பட்டைதான் பாட்டுக்கான மொத்த நிலம்.

முழு ஆல்பம் தாங்கும் எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு மணி நேர ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 30 நிமிடம். 33⅓-ஐ 30-ஆல் பெருக்கினால் கச்சிதமாக 1000 சுற்று. 86 மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது 0.086 மில்லிமீட்டர். அதில் 0.05-ஐச் சாலே எடுத்துக்கொள்ளும். இரண்டு சால்களுக்கு நடுவே மிஞ்சும் வரப்பு 0.036 மில்லிமீட்டர், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பாதி. அதற்குள்தான் இந்தப் பக்கத்துச் சாலும் அந்தப் பக்கத்துச் சாலும் நெளிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆல்பத்தை இரண்டு தட்டுகளில் போட்டால் பக்கத்துக்கு 15 நிமிடம், 500 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.172 மில்லிமீட்டர். சாலின் 0.05 போக மிச்சம் 0.122.

நேரம் பாதியானது. நெளிவதற்கான இடமோ இரண்டு மடங்கு ஆகவில்லை, மூன்று மடங்கையும் தாண்டிவிட்டது. காரணம், சாலின் சொந்த அகலம் இரண்டு கணக்கிலும் மாறாமல் நிற்பதுதான். மறுபதிப்பில் இரண்டாவது தட்டு எதற்கு என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்தக் கழித்தலிலேயே இருக்கிறது.

வெட்டும் பொறியாளர் சாலைக் கண்ணை மூடிக்கொண்டு சம இடைவெளியில் ஓட்டுவதில்லை. வரப்போகும் ஒலியை ஒரு சுற்று முன்கூட்டியே பார்த்து, அமைதியான இடத்தில் சால்களை நெருக்கி, உரத்த இடத்தில் விலக்கும் ஏற்பாடு வெட்டும் இயந்திரத்தில் உண்டு. சிம்பொனியில் இது பெரிய உதவி. ஐந்து நிமிடம் மெல்லிய வயலினில் சேமித்த இடத்தைக் கடைசியில் தாளவாத்தியம் முழங்கும்போது செலவழிக்கலாம். ஹிப்-ஹாப் இந்த விஷயத்தில் சேமிப்பே அறியாத ஊதாரி. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கிக் விழுந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி? ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்குச் சரியாக 100 தாளம் என்று வைத்த பாட்டில் சுற்றுக்கு மூன்று தாளம் விழும். டிரம் இயந்திரம் தப்பாமல் அடிப்பதால் அடுத்த சுற்றிலும் அதே இடத்தில்தான் அடி விழும். அப்படிப்பட்ட தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், மையத்திலிருந்து ஆரங்கள் விரிவதுபோல ஒரு கோலம் வெறும் கண்ணுக்கே தெரியும். பாட்டின் வேகத்தைக் காதால் கேட்காமலே எண்ணிவிடலாம்.

நெருக்கினால் நேர்வது

முப்பது நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டியவருக்கு வழி இரண்டே. ஒன்று, மொத்த ஒலியையும் தாழ்த்தி வெட்டுவது. இல்லாவிட்டால் பேஸை மட்டும் சுரண்டி எடுப்பது. பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார்கள்.

தாழ்த்தி வெட்டினால் என்ன, கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாமே? கூட்டலாம். ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் ஊசி உரசும் இரைச்சல் என்று ஒன்று உண்டு, தூசியின் 'டிக் டிக்' வேறு. பாட்டு தாழ்ந்தாலும் அவை தாழ்வதில்லை. பாட்டைக் கூட்டும்போது அவையும் சேர்ந்தே கூடும்.

இன்னொரு குறும்பும் உண்டு. சால்கள் மிக நெருங்கினால், ஒரு சாலின் பெரிய நெளிவு அடுத்த சாலின் சுவரை லேசாக அமுக்கிவிடும். பாட்டு தொடங்குவதற்கு 1.8 நொடி முன்பே அதே தொடக்கம் ஆவிபோல மெலிதாகக் கேட்கும். தட்டு பழுதானதாக நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

உள்வட்டத்தில் சிக்கும் 'ஸ்'

ராப் கேட்பவருக்குச் சொல் முக்கியம். 'ஸ்', 'ஷ்', 'ட்' எல்லாம் பொறிபறக்க வேண்டும். இசைத்தட்டு இந்த மெய்யொலிகளை இடத்துக்கு இடம் வேறுமாதிரி நடத்துகிறது.

தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்று நீளமானது, உள்ளே குட்டை. விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் சால் ஓடுகிறது. கடைசிப் பாட்டில் அது 21 சென்டிமீட்டர். 'ஸ்' ஒலியில் நிறைந்திருக்கும் 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று விளிம்பில் 0.051 மில்லிமீட்டர் நீளத்தில் பதிகிறது என்றால், உள்வட்டத்தில் 0.021-க்குள் அமுங்கிவிடுகிறது. அவ்வளவு நெருக்கமான வளைவில் ஊசிமுனை புகுந்து திரும்ப முடியாமல் உரசும். கேட்பவர் காதில் 'ஸ்' என்பது 'ஷ்ஷ்' என்று சிதறும்.

இரண்டு தட்டுகளாகப் பிரித்தால் உள்வட்டத்துக்குப் போகாமலே பாட்டை முடித்துக்கொள்ளலாம். சில மறுபதிப்புகள் இன்னும் ஒரு படி போய் வேகத்தை 45 ஆக்குகின்றன. அப்போது எல்லா இடத்திலும் சால் 35 சதவீதம் வேகமாக ஓடும், 'ஸ்' தெளியும். ஆனால் 15 நிமிடத்துக்கு 500 சுற்று போதுமானது 675 சுற்றாகி, ஒரு சுற்றுக்கான இடம் 0.172-இலிருந்து 0.127 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். சொல்லுக்குக் கொடுத்ததை பேஸிடமிருந்து பிடுங்கவேண்டி வரும். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமே வைத்தால்தான் 45 முழு லாபம்.

அன்று ஏன் அடைத்தார்கள்?

இவை எதுவும் 1989-இல் தெரியாத விஷயங்கள் அல்ல. ஹிப்-ஹாப் உலகத்துக்கு இது நன்றாகவே தெரியும். 1979-இல் வெளியான 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டு பன்னிரண்டு அங்குல சிங்கிளாகத்தான் ஊரைக் கலக்கியது. ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரே பாட்டு என்ற அந்த வடிவம் 1970-களின் டிஸ்கோ காலத்தில் பிறந்தது. அகலமான சால், உரத்த ஒலி, நெஞ்சை இடிக்கும் பேஸ். டிஜே கையில் வைத்து முன்னும் பின்னும் தேய்க்கவும் தோது. கிளப்புக்கு வேண்டியது அந்த சிங்கிள்தான். எல்.பி. வீட்டில் கேட்பதற்கு.

அதோடு, 1980-களின் இறுதியில் காம்பாக்ட் டிஸ்க் (சி.டி.) பரவி கலைஞர்களின் கையில் 74 நிமிடத்தைக் கொடுத்துவிட்டது. ஆல்பங்கள் நீண்டன. வினைலோ சாகப்போகிற வடிவம் என்று நிறுவனங்கள் முடிவுகட்டியிருந்தன. சாகப்போகிற ஒன்றுக்கு யார் இரண்டாவது தட்டுச் செலவு செய்வார்கள்? பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பமும் வூ-டாங் கிளானின் 1993 ஆல்பமும் ஒரு மணி நேரத்தை ஒட்டியவை, ஒற்றைத் தட்டில் வந்தவை. ஆக, வஞ்சனை என்று ஏதாவது இருந்தால் அது இன்றைய இரட்டைத் தட்டில் இல்லை, அன்றைய ஒற்றைத் தட்டில்தான் இருந்தது.

சாகும் என்று நினைத்தது சாகவில்லை என்பது வேறு கதை. அமெரிக்காவில் 2022-இல் விற்ற வினைல் ஆல்பங்கள் சுமார் 4.1 கோடி, சி.டி.க்கள் 3.3 கோடி. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல்முறை.

இடம் தந்தால் எல்லாம் வருமா?

வராது. சாலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், மூலப்பதிவில் இல்லாததைத் தர முடியாது. அந்தக் காலத்து ஹிப்-ஹாப்பின் மூலப்பதிவே வேண்டுமென்றோ வேறு வழியில்லாமலோ கரடுமுரடானது.

1987-இல் வந்த ஈ-மியூ எஸ்.பி-1200 என்ற கருவி அன்றைய தயாரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, எடுத்து அடுக்கும் இயந்திரம். அதன் நினைவகத்தில் மொத்தமே 10 நொடி ஒலிதான் கொள்ளும். நொடிக்கு சுமார் 26,000 முறை மட்டுமே அது ஒலியை அளந்ததால், 13,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதற்குள் நுழையாது.

பத்து நொடியை நீட்டிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். 33-இல் ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்துகொள்வது, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்து இயல்புக்குக் கொண்டுவருவது. பதின்மூன்றரை நொடி இசை பத்து நொடிக்குள் அடங்கிவிடும். அதற்கான விலை, 13,000 ஹெர்ட்ஸ் என்ற எல்லை 10,000-க்கும் கீழே இறங்குவது. மங்கலான, மணல் கலந்ததுபோன்ற அந்த ஒலிதான் பிற்பாடு 'ஓல்டு ஸ்கூல்' (பழைய பாணி) ஹிப்-ஹாப்பின் அடையாளமாகிப் போனது. அதை நவீனக் கருவிகளால் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கும் மறுபதிப்பு, தெளிவாக இருக்கலாம். அந்த ஆல்பமாக இருக்காது.

அரக்கு, வெள்ளி, நிக்கல்

பொறியாளர் நேரடியாக பிளாஸ்டிக்கில் வெட்டுவதில்லை. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூசிய வட்டத்தில், சூடேற்றிய மாணிக்கக் கல் முனை முதல் சாலைக் கீறுகிறது. கீறும்போது சுருள்சுருளாக எழும் இழையை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே போகும். அந்த அரக்கின் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் வளர்த்து, அச்சு எடுத்து, அச்சுக்கு அச்சு எடுத்து, கடைசியாகக் கிடைக்கும் நிக்கல் தகட்டுக்கு ஸ்டாம்பர் என்று பெயர். அதுதான் சூடான பிளாஸ்டிக் உருண்டையைத் தட்டாக அமுக்குகிறது. ஒரு ஸ்டாம்பர் ஆயிரத்தைச் சுற்றிய எண்ணிக்கையில் தேய்ந்துவிடும், பிறகு புதிது வேண்டும்.

இவ்வளவு பெரிய தொழில் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது 2020 பிப்ரவரி 6 அன்று தெரிந்தது. கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீக்கிரையானது. அரக்குத் தகடு செய்யும் பெரிய ஆலைகள் உலகில் இரண்டே, அதில் ஒன்று போயிற்று. மிஞ்சியது ஜப்பானில் இருந்த எம்.டி.சி. மட்டும். அரக்கை விட்டுவிட்டு நேராகச் செம்புத் தகட்டில் வெட்டும் முறையும் 1980-களிலிருந்து இருக்கிறது. பல மறுபதிப்புகள் இப்போது அந்த வழியில்தான் வருகின்றன.

வாங்குமுன்

மறுபதிப்பின் உறையில் ஒட்டியிருக்கும் வில்லையில் '180 கிராம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சாதாரணத் தட்டு 140 கிராம் அளவில் இருப்பதால் இது கைக்கு நன்றாகக் கனக்கும், அவ்வளவு சுலபமாக வளையாது. சாலின் ஆழமோ அகலமோ இதனால் ஒரு இம்மியும் மாறாது. நிறத் தட்டுகளும் அப்படித்தான், கண்ணுக்கு அழகு.

உண்மையில் பார்க்க வேண்டியது பின்னட்டையில் இருக்கிறது. பாட்டுகளின் நிமிடங்களைக் கூட்டி, பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நாஸ் 1994-இல் வெளியிட்ட 'இல்மாட்டிக்' முழுசும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, பக்கத்துக்கு 20. அதற்கு ஒரே தட்டு போதும், இரண்டாவது தட்டு வந்தால் அது ஆடம்பரம். பக்கத்துக்கு 15 முதல் 18 நிமிடம் என்று வந்தால் பேஸுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 25-ஐத் தாண்டினால் யோசியுங்கள். 30 என்று வந்தால், அது எத்தனை கிராம் தட்டாக இருந்தாலும், அந்தக் காசுக்கு அதே ஆல்பத்தின் சி.டி.யை வாங்குவது மேல்.